பூஜ்யம் சரியாகத்தான் இருந்தது

வியாழன், இரவு.

பூக்கடை அண்ணாச்சி எடை மெஷினை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். எடை குறைகிறதென்று மல்லிகை கொண்டுவரும் செல்லம்மா சண்டை போட்டாளாம். இவர் காலித் தட்டில் பூஜ்யத்தைக் காட்டி, கோயிலில் இருக்கிற கோமதி அம்மாள்மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

பூஜ்யம் சரிதான். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எடைக்கல்லை வைத்தால் குறைத்துக் காட்டியது. திறந்தேன். எடையை எண்ணாக மாற்றும் சிப்பின் கால்களில் பச்சைக் களிம்பு. பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் இறங்கியிருக்கிறது. துடைத்துக் காயவைத்து, எடைக்கல்லை வைத்துத் திருத்தினேன்.

“அப்பொ அவ சொன்னது நெசந்தானா?”

“ஆமா அண்ணாச்சி. நீங்க வேணும்னு செய்யலியே.”

“சத்தியம் பண்ணிட்டனே, வே.”

“நாளைக்கு நானும் வந்து அவகிட்ட சொல்லுதேன்” என்றேன். தலையாட்டினார். மெஷினை எடுக்காமலே போய்விட்டார்.

மேஜையில் இருக்கிறது. அணைக்க மறந்திருக்கிறேன். இன்னும் பூஜ்யம்தான் காட்டுகிறது.