மாத்திரையை நிறுத்திவிடாதே

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, மூச்சு வாங்காமல் படியேறி இறங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். போனில் இருமிக்கொண்டே பேசினாய், அன்றைக்கே சுக்கு வாங்கி வந்துவிட்டேன். இத்துடன் இரண்டு டப்பா வருகிறது. சின்னது உனக்கு. சுக்கு, மிளகு, அதிமதுரம், மூன்றும் வறுத்து இடித்துத் துணியில் சலித்தது, தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொள், உடனே தண்ணீர் குடிக்காதே. பெரிய டப்பா சம்பந்தியம்மாவின் சர்க்கரைக்கு. சிறுகுறிஞ்சான் இலை, நாவல் கொட்டை, வெந்தயம். எல்லாம் நிழலில் உலர்த்தியது, வெயிலில் போட்டால் சத்து ஓடிவிடும். கடைப் பொடியை நம்பாதே, பாதி மரத்தூள். ஒரு கரண்டி பொடிக்கு நாலு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்ற வை. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அது கஷாயம் இல்லை, கசப்புத் தண்ணீர். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முக்கியமான விஷயம், இதைத் தொடங்கியதும் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடச் சொல். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது ஒரே அடுப்படியில் இரண்டு மாமியார் இருப்பது மாதிரி, ஒன்று செய்வதை இன்னொன்று கெடுக்கும். சந்தேகமே வேண்டாம், உன் அம்மாவே சாட்சி. பூட்டுக் கம்பெனியில் இருந்தவரை நான் செய்த பூட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, இதுவும் அப்படித்தான். ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா, இதற்குமேல் அப்பா சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். உன் மாமியாரின் மாத்திரையை நிறுத்திவிடாதே. அந்தப் பெரிய டப்பாவைத் திறக்கவே திறக்காதே. காலையில் அப்பா பார்சலைக் கட்டிவிடுவார், அதனால் இப்போதே எழுதுகிறேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அறிவியல் புத்தகத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். குழாய் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். அந்தச் சீட்டை அப்பா மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "மூணு மாசம் உன்னை என் கையில குடு, அப்புறம் அந்த டாக்டர் என்ன சொல்றார்னு பாப்போம்" என்றார். அம்மா தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஷாயம் குடித்தாள். ஆனால் அது கேட்கவில்லை அக்கா. எந்நேரமும் தாகம், பஸ் நம்பர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒருநாள் இதே குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் கையில் திணித்தாள். "ஸ்கூல் விட்டு வரும்போது மருந்துக் கடையில இதைக் காட்டி வாங்கிட்டு வா. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ஒண்ணுதான், இதுவும் இல்லேன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து நான்தான் வாங்கி வருகிறேன், ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்து. அப்பாவுக்கு முன்னால் கஷாயம், அப்பா பால் வாங்கப் போனதும் மாத்திரை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது.

அப்பா அன்றைக்கு நடந்துகொண்டதை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனைச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கம்பெனி மூடின பிறகு முதல் தடவையாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். வாட்ச்மேன், பள்ளி வேன் டிரைவர் என்று ஆள் வர ஆரம்பித்தார்கள், எல்லாரும் "வைத்தியரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழையபடி சாப்பிடும்போது ஜோக் அடிக்கிறார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எப்படி இல்லை என்று சொல்வேன்.

அப்புறம் மாடியிலிருந்து தையல் அத்தை இறங்கி வந்தார். அவருக்கும் சர்க்கரை என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏன் வைத்தியரே, உங்க வீட்டம்மாவுக்கு மட்டும்தான் ஊத்துவீங்களா, நாங்க கசந்தா துப்பிடுவோமா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். உனக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னார், இரண்டு மாமியார் கதை உட்பட. அத்தை அங்கேயே தன் மாத்திரை அட்டையை நம் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "விட்டுது பீடை" என்று சிரித்தார். அம்மா அப்போது அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

தினமும் டம்ளரை மாடிக்குக் கொண்டுபோவது நான். போகப் போக அத்தை இளைத்துக்கொண்டே வந்தார், தண்ணீர் ஜாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தைத்தார். தையல் மெஷின் மிதியடியில் இடித்து அவர் கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம். அப்பா மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கொடுத்தார். காயம் ஆறவில்லை. வீங்கியது, நாற்றம் வந்தது, இப்போது விரல் நுனி கறுத்துவிட்டது அக்கா. அப்பாவிடம் சொன்னேன், "விஷம் வெளியேறும்போது அப்படித்தான் கறுக்கும், பயப்படாதே" என்றார். அத்தையிடம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "போடி பெரிய மனுஷி. உங்க அம்மாவுக்குக் கேட்ட மருந்து எனக்கு மட்டும் கேக்காம போயிடுமா? பொறுமை வேணும்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிய கை சுட்டது. ஜுரம். உண்மை என் வாய்க்குள்தான் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு காலி டம்ளரோடு இறங்கி வந்துவிட்டேன். நேற்றிலிருந்து மாடியில் மெஷின் சத்தம் இல்லை. எப்போதும் அந்தச் சத்தம் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருக்கும், சனியன் படிக்க விடுகிறதா என்று நான் திட்டுவேனே, இப்போது அது எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். "நாளைக்குன்னா எப்பம்மா?" என்றேன். "இத்தனை நாள் அவர் எதிர்ல குடிச்சுக் காட்டிட்டு இப்போ எந்த மூஞ்சியோட போய்ச் சொல்லச் சொல்றே?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, கஷாயமும் மாத்திரையும் சேர்ந்தோ என்னவோ, சில நாள் திடீரென்று வியர்த்துக் கை நடுங்குகிறது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இன்று சாயங்காலம் இந்தக் கடிதத்தைச் சொல்லும்போது, உன் அம்மாவே சாட்சி என்ற இடத்தில் அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். என் கை நின்றுவிட்டது. "என்னடி, பேனா மக்கர் பண்ணுதா?" என்றார் அப்பா. நான் எழுதிவிட்டேன். உன் மாமியாருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

நான் சொன்னால் அப்பா என்ன ஆவார் என்று தெரியாது. அம்மாவின் தலையில் வைத்த கை இது, சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் மாடியில் அத்தையின் கால். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார், தலைவலி என்றேன், வீட்டில் சொன்னால் அதற்கும் ஒரு கஷாயம் வரும். உன்னிடம் சொல்வதும் சத்தியத்தை மீறுவதுதானா அக்கா? நீ இவ்வளவு தூரத்தில் இருக்கிறாய், நீ இந்த வீட்டில் இருந்தால் எனக்கு இப்படி

கண்ணு, அம்மா எழுதுகிறேன். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்து வந்தேன். இவள் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், நான் பிடுங்கிப் படித்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன், ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருப்பது அதுதான். இவள் அழவில்லை, கத்தவில்லை, என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. என் குழந்தையை இப்படிப் பயப்பட வைத்துவிட்டேனே.

இவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் இப்போதே மாடிக்குப் போகிறேன், விடியட்டும் என்று பார்க்கப் போவதில்லை. தையல்காரம்மாவின் காலில் விழுந்தாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அந்த விரல் தப்புமா என்று எனக்குத் தெரியாது. தப்பாவிட்டால் அந்த முகத்தைத் தினமும் படியில் பார்க்க வேண்டியவள் நான்தான், இவள் இல்லை. வாட்ச்மேனுக்கும் வேன் டிரைவருக்கும் நானே சொல்கிறேன். உன் அப்பா காலையில் எழுந்து வழக்கம்போல டம்ளரை நீட்டுவார். எனக்கு அவர் எதிரில் வார்த்தை வராது, என்னை உனக்குத் தெரியும். வராவிட்டால், அவர் பார்க்கப் பார்க்க மாத்திரையை வாயில் போட்டு, அந்தக் கஷாயத்தை ஊற்றியே விழுங்கிவிடுகிறேன்.

பெரிய டப்பாவை நான் எடுத்துவிட்டேன், பார்சலில் தேடாதே. சம்பந்தியம்மா ஒரு வேளை மாத்திரையைக்கூட விட வேண்டாம். இருமல் பொடியைச் சாப்பிடு, அது நல்ல பொடி. கேட்டதென்றால் போன் பண்ணி அப்பாவிடம் சொல், என்னிடம் இல்லை, அவரிடம். அப்படியும் இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போ, மறைக்காமல் அதையும் அவரிடமே சொல். நோய்நொடி இல்லாமல், நிறைந்த மனதோடு நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், நானும் வருவேன் என்கிறாள். வேண்டாம், போய்த் தூங்கு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா