எடைமேடைக்கு வந்த இலவச சிஸ்டம்

அன்பு மகள் சின்னிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்காமல் கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாள், ஏறி முடித்ததும் நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்க்கிறாள். உன் தம்பிக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவன்தான் மேலதிகாரி. ஒரு மாதமாகப் போனில் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், கடிதத்தில் அது நடக்காது, அதனால் எழுதுகிறேன்.

எடைமேடைக் கம்ப்யூட்டர் இனித் தேறாது என்றானதும் முதலாளி புதுப் பெட்டி வாங்கித் தந்தார், உள்ளே போடும் சிஸ்டம் மட்டும் இலவசமாகக் கிடைப்பதாக இருக்கட்டும் என்றார். உன்னைக் கேட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் சர்வர் பார்க்கிறவள், பன்னிரண்டு பெயர் போட்ட பட்டியலை அனுப்பி, “எதை வேணும்னாலும் போடுங்கப்பா, எல்லாம் லினக்ஸ்தான், எல்லாம் ஒண்ணுதான்” என்றாய். மருந்துக் கடைக்காரர், எல்லாம் மாத்திரைதான், எதை வேணும்னாலும் விழுங்குங்க என்று சொன்ன மாதிரி இருந்தது. நீ கைகழுவிய இடத்தில் முதலாளியின் மச்சினன் வந்து நின்றான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் வால்பேப்பர், திரையில் ஒரு நாள் மலையும் மறுநாள் கடலுமாகப் படம் மாற்றுவதைத் தவிர அவன் உருப்படியாக எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. நமக்கு வேண்டியதோ கொஞ்சம்தான். லாரி மேடையில் ஏறினால் சுவர்ப் பெட்டியில் சிவப்பு எண் எரியும், அந்த எண் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து ரசீதில் விழ வேண்டும், அதற்கு மேல் அது எனக்குப் பாட்டுப் பாட வேண்டாம். தராசு பழுதுபார்க்க வரும் அந்தப் பெண், “கேபிள் தெரியுதா, பிரிண்டர் ஓடுதா, செஞ்சவங்க எத்தனை வருஷம் இதைக் கவனிச்சுப்பாங்க, கெட்டுப்போனா பக்கத்துல யாருக்குத் தெரியும், இதைப் பாருங்க சார், அழகெல்லாம் அப்புறம்” என்று படித்துப் படித்துச் சொன்னாள், உன் பட்டியலிலிருந்த டெபியனைப் போடவும் சொன்னாள். வால்பேப்பர் சிரித்தான். தன்னுடையது தினமும் தன்னைத் தானே புதுசாக்கிக்கொள்ளுமாம், அவள் சொல்வது பழைய ஆட்கள் போடுவதாம். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். என் கண்ணுக்காகத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, “அங்கிள், இனிமே கண்ணாடியே வேணாம்” என்றான், நான் அப்படியே குளிர்ந்துபோய் அவனுடையதையே போடவிட்டேன். வெட்கக்கேடு.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது தன்னைப் புதுசாக்கிக்கொண்டது, எடை ப்ரோக்ராம் அப்போதுதான் போன கல் லாரியின் எண்ணிலேயே உறைந்து நின்றுவிட்டது. அடுத்து தானிய லாரி ஏறியது. சுவரில் சரியான எண் எரிந்திருக்கும், இருபத்தாறு வருடமாகச் சுவரைப் பார்த்த நான் அன்றைக்குப் பெரிய எழுத்தைப் பார்த்து ரசீது அடித்துக் கொடுத்தேன். உண்மை எடையைவிட இரண்டு டன் அதிகம். மில்லில் இறக்கும்போது இரண்டு டன் குறைந்தது, “வழியில எங்க இறக்குன?” என்று கேட்டு, டிரைவரிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடமாக அந்த மில்லுக்கு ஓட்டி யாரிடமும் ஒரு சொல் கேட்காத மனிதர். மறுநாள் என் ஜன்னலுக்கு வந்தார், கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கல் லாரிக்காரரைத் தேடிப் பிடித்து அவர் ரசீதையும் வாங்கி வந்திருந்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “கல்லும் தானியமும் ஒரு கிலோகூட மாறாம ஒண்ணா இருக்குமா சார்?” என்றார்.

வால்பேப்பர் அது சிஸ்டத்தின் தப்பில்லை, அங்கிளின் தப்பு என்றான், போய் இணையத்தில் எங்கேயோ எழுதியும் போட்டான். நாற்பது பேர் பதில் எழுதினார்கள், பாதிப் பேர் வேறொன்றைப் போட்டிருக்க வேண்டும் என்றார்கள், மீதிப் பேர் அது இதைவிட மோசம் என்றார்கள், ஒரு மகானுக்கும் அந்த டிரைவர் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றவில்லை. மேடையில் மழைத் தண்ணீர் நின்றதால் எடை தவறியது என்று மில்லுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. நான் இரண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு டிரைவரோடு மில்லுக்குப் போனேன், மேனேஜர் முன்னால், “சுவரைப் பார்க்காம அடிச்சது நான்தான், இவர் மேல தப்பில்ல” என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாம்பாரில் கிடந்த பூச்சியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார், பார்க்கட்டும். சாவி திரும்பக் கிடைக்க நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளும் டிரைவர் தன் பிள்ளைகளிடம் என்ன சொன்னாரோ தெரியாது, நான் கேட்கவில்லை.

பிறகு தராசுப் பெண்ணைக் கூப்பிட்டு இருவருமாக உட்கார்ந்து டெபியன் போட்டோம். திரையின் மூஞ்சி சுமார்தான், ஆனால் அதைச் செய்கிறவர்கள் அடிக்கடி எதையும் புரட்டிப் போடாமல் ஓட்டையை மட்டும் அடைத்துக்கொண்டிருப்பார்களாம், நான் சொல்லாமல் தானாகப் புதுசாகாதபடியும் செய்து கொடுத்தாள். ஒன்பது நாள் ஒவ்வொரு லாரிக்கும் சுவரைப் பார்த்துக் கையாலும் ஒரு ரசீது எழுதி ஒப்பிட்டேன், ஒரு கிலோ பிசகவில்லை. வால்பேப்பர் எட்டிப் பார்த்து, பத்து வருஷப் பழசு மாதிரி இருக்கே என்றான், நானும் அப்படித்தான் இருக்கேன், வழியை விடு என்றேன். நேற்று அந்த டிரைவர் வந்தார். இறங்கி வந்து சுவரிலிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார், ரசீதை வாங்கி மறுபடி படித்தார். முன்பெல்லாம் யாராவது இப்படிச் சரிபார்த்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நேற்று அவர் பார்த்து முடிக்கும்வரை அடுத்த லாரியைக் கூப்பிடாமல் நின்றேன்.

போன கடிதத்தில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் முப்பது கம்ப்யூட்டருக்கும் என்ன போடுவதென்று நீதான் முடிவு செய்யப்போகிறாய் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அங்கேயும் பட்டியலை நீட்டிவிடாதே. மருந்துச் சீட்டு அடிக்கிற பெண் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார், அவள் கண் எங்கே போகிறதென்று பார், அப்புறம் எதையாவது சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்டது எதுவும் யாரையும் வாசலில் நிற்க வைக்காமல் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்ந்தது. உட்கார்ந்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, இந்த முறை பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் முழுதாகத் தீராத
அப்பா