நிற்கிற வலி

மே 6, புதன்
காலை எட்டுக்கே வெயில். லீவு போட்டுவிட்டு வேலூர், பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் 84. பஸ்ஸில் உட்கார இடமில்லை.

அப்பா நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சு அடைத்துப் போனவர். மாதனூரில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது. எனக்கு இப்போது இருபத்தெட்டு. ரத்தத்தில் கொழுப்பு, அவர் வழி வந்ததாம். வேறு சொத்து இல்லை.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். "மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. கை கால் வலி எதுனா இருக்கா?"

"இல்ல சார்."

கொழுப்பு போதுமான அளவு இறங்கவில்லை. இருபது மில்லிகிராம் நாற்பது ஆனது.

கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நிற்கிற வலி. ஷூ கம்பெனியில் ஒன்பது மணி நேரம் நின்று, தோலை அச்சில் இழுத்து ஒட்டுகிற எவனுக்கும் இருப்பது. அதையெல்லாமா டாக்டரிடம் சொல்வார்கள்?

வாங்க: சோப்பு, கொசுவத்தி, பல்பு.

மே 15, வெள்ளி
தொடை இரண்டும் யாரோ கட்டையால் அடித்தது போல. கக்கூஸில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. குழாயைப் பிடித்து எழுந்தேன்.

என் மிஷினில் வேலை தேங்கியது, இரண்டு முறை. சூப்பர்வைசர்: "இன்னாடா குணா, கல்யாண வூட்ல டான்ஸ் ஆடிட்டு வந்தியா?" லைனே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து மிஷின் இம்தியாஸ் மட்டும் என் பங்கில் நாலு ஜோடியை எடுத்துச் செய்தான்.

கம்பெனி நர்ஸ் தைலம் கொடுத்தார். "எல்லாருக்கும் இதே கதைதான்பா." மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவில்லை. ஹார்ட் கேஸ் என்று தெரிந்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது. உடம்பு சரியில்லாதவனுக்கு இங்கே ஒரே மருந்து, கேட்டுக்கு வெளியே.

மே 19, செவ்வாய்
சிறுநீர் டிகாஷன் நிறம். சூடு என்று நினைத்தேன். லைன் முழுக்கச் சேர்த்து பாத்ரூம் போக ஒரே அட்டை. அட்டை நேரத்துக்குக் கைக்கு வராது என்று யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த அட்டையைக் கண்டுபிடித்தவன் ஏசி ரூமில் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பான்.

மதியம் படி ஏற முடியவில்லை. நேரே வேலூர். ரத்தம் எடுத்தார்கள். தசை கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையால். விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும்.

"வலி இருக்கான்னு கேட்டேனே?"

"இத வலின்னு நெனைக்கல சார்."

அட்மிஷன். கூட யார் என்று கேட்டார்கள். அம்மா ஆலங்காயத்தில், தங்கை வீட்டில். அவர்களுக்குச் சொல்லவில்லை. ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலி. கையில் ட்ரிப். பக்கத்துக் கட்டில்காரருக்கு நாலு பேர், நாலு டிபன் கேரியர். ஒரு இட்லி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். பசிதான்.

மே 31, ஞாயிறு
ஆம்பூர், ரூம். மாத்திரை நிறுத்தி பன்னிரண்டு நாள். நேற்று மழை, துணி காயவில்லை.

கால் வலிக்கவில்லை. மாத்திரை வலி மட்டுமல்ல, எந்த வலியும். கம்பெனியில் சேர்ந்த ஆறு வருஷத்தில் முதல் முறை. தெரு முனை வரை இரண்டு முறை சும்மா நடந்தேன். சொல்ல ஆள் இல்லை. டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "சக்கரை கம்மியா போடவா?" என்றார்.

ஜூன் 4, வியாழன்
வேலூர். வேறு மாத்திரை, குறைந்த அளவு. மூன்று வாரத்தில் மறுபடி ரத்தம். "இந்தத் தடவ எந்த வலியா இருந்தாலும் சொல்லணும்." திங்கட்கிழமை மிஷினில் நிற்கப் போகிறேன். சாயங்காலமே வலிக்கும். எந்த வலி என்று எப்படிச் சொல்வேன்? போகாமலும் முடியாது. மாத்திரையை விடவும் முடியாது.

இரவு இம்தியாஸ் போன். "எப்ப வர்ற? உன் எடத்துல புது ஆள். ஒரே பேஜாரு."

"உனக்குக் கால் வலிக்குதா?"

"சீ. வலிலாம் இல்ல."

"எந்த எடத்துல?"

போனில் அவன் வீட்டு டிவி சத்தம் தூரப் போனது. வாசலுக்கு வந்திருப்பான்.

"முட்டிக்குப் பின்னாடி. ரெண்டு கால்லயும். படுத்தா ஜாஸ்தி." அப்புறம், "லைன்ல எவன்கிட்டயும் சொல்லாத, தோஸ்த்."