மண்சுவருக்கு மேல் சிமெண்ட்

முத்தலிப் அண்ணனுக்கு,

ஜன்னத் மதினி சுவர் முளையில் சீப்புப் பையை மாட்டினாள், முளை பையோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது, முதலில் பார்த்தது நான்தான், ஓட்டைக்குள் மண் பிசைந்த மாவைப் போல ஈரமாக இருந்தது. கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். இங்கே அனைவரும் நலம், எருமைகளும் நலம், மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கையேந்துகிறேன் என்றுதான் அம்மா முதலில் சொன்னாள், அதையும் எழுதிவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, பேனா நிற்காமல் ஓடினால் போதும். லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் இஸ்மாயில் மதிய பஸ்ஸுக்குப் போகிறான், அவன் கையில்தான் இது வருகிறது. அதனால் அவள் சொல்வதையும் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

அம்மா சொல்கிறாள், மகனே, நீ ரெண்டு மாசம் லீவுல வந்து மண்ணு சுமந்து கட்டுன வட்டவீடு மூணு மழைக்குத் தாங்கல, ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. எல்லாம் உன் பொண்டாட்டி லட்சணம். பெருநாளைக்கு ஊர்ல ஒவ்வொரு பொம்பளையும் தன் வீட்டுக்குக் களிமண்ணும் சாணியும் குழைச்சுப் பூசுனா, உன் மகாராணி பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு வேடிக்கை பாத்தா. பூசாத சுவரு நிக்குமா? இப்பக் கையும் போச்சு. தையலுக்கும் ஆகாது, பால் கறக்கவும் ஆகாது, தின்ன மட்டும் ஆகும். இதைச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, என்னடி, நான் சொல்றது பொய்யா என்று கேட்டாள். மதினி வெளியே கட்டிலில் இருக்கிறாள், வலது கை துணிச்சுற்றுக்குள். அவள், எழுதச் சொல்லுங்க மாமி, எனக்குக் காது வலிக்கல என்றாள். பாத்தியா, விரலு நசுங்குச்சு, நாக்கு நசுங்கல, இதையும் எழுது என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன்.

அண்ணா, பெருநாளைக்கு மதினி பூசவில்லை என்பது உண்மை. பூசுவதற்குச் சுவரில் மண் எங்கே இருந்தது? குளிர்காலத்தில் நீங்கள் எழுதிய கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தவள் நான். களிமண்ணும் சாணமும் தவிர வேறு எதையும் பூச வேண்டாம், நம் தரையில் உப்பு ஏறும், சுவர் குடித்த ஈரம் வெளியே போக வழி வேண்டும், இங்கே ஒரு பெரிய வீட்டில் மண்சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, உள்ளேயே கூழாகிப்போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கேட்டாள், சரி என்றாள். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியடியில் மேற்கு வீட்டு ஸாராபாய் அம்மாவைப் பார்த்து, என்ன மரியம்பாய், பையன் மஸ்கட்ல சம்பாதிக்கிறான், வீட்டுக்கு இன்னும் சாணிதானா, எங்க வீட்ல தரைகூட சிமெண்ட்டாக்கும் என்று சிரித்தாள். அது அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மதினி பிரசவத்துக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள், அப்பாவும் பாதி எருமைகளை ஓட்டிக்கொண்டு தூர மேய்ச்சலுக்குப் போய்விட்டார், இனி மழை முடிந்துதான் வருவார். அவ வர்றதுக்குள்ள முடிச்சிரு என்று அம்மா கொத்தன் நூராவைக் கூட்டிவந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்தால் முகத்தில் காற்றுப் படும்படி நீங்கள் எதிரெதிராக வைத்த இரண்டு சின்ன ஜன்னல்களையும் அவன் அடைத்தான், ஸாராபாய் வீட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று மேற்குப் பக்கம் உயரத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தான். சிமெண்ட்டைக் குழைத்த பிறகு அவனுக்கே சந்தேகம் வந்தது. மண்ணுக்கு மேல இத அப்பலாமா, முத்தலிப் என்ன எழுதியிருக்கான் என்று கேட்டான். அவன் எழுதுனபடிதான், வேணும்னா வாசிச்சவளக் கேளு என்று அம்மா என்னைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து காலைப் பார்த்தேன். அதைத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டான். ஊமச்சியே சொல்லிட்டா என்று சிரித்துக்கொண்டு முதல் கரண்டியை அப்பினான்.

மதினி குழந்தையோடு வந்தபோது வீடு வெள்ளைவெளேர் என்று நின்றது, அவள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாள். கோடையில் அதற்குள் இருக்க முடியவில்லை. சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக நேராகத் தொட்டிலில் விழும், பிள்ளை ஆதமுக்கு முதுகெல்லாம் கொப்புளம். உங்க வீட்ல படுத்துக்கிறோம் மாமி என்று மதினி கேட்டாள். அம்மா, புருசன் உனக்குன்னு கட்டுன வீடு இருக்கு, மாமியா வீட்ல என்ன வேலை, நாலு பேரு என்னைக் கேக்கவா என்றாள். பிறகு மழை வந்தது, முளை வந்தது. மதினி அந்த ஈர மண்ணைக் கையில் எடுத்துவந்து காட்டினாள். உன் கை பட்டா எதுதான் நிக்கும், ஓட்டையில கந்தலத் திணிச்சு முளைய அடி என்றாள் அம்மா. மூன்றாம் நாள் நடுப்பகலில், ஆதம் வெளியே என் மடியில் இருந்தான், மதினி அவன் துணிகளை எடுக்க உள்ளே போனாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை அண்ணா. சிமெண்ட் பலகை பலகையாகப் பிளந்தது, பின்னால் இருந்த மண் சேறு மாதிரி உட்கார்ந்துவிட்டது. வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்களை புஜ் நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிய கையோடு அம்மா என்னிடம் ஒரு கூடையைக் கொடுத்தாள். அப்பா எருமைகளோட திரும்புறதுக்குள்ள ஒரு துண்டு சிமெண்ட் இங்க இருக்கக் கூடாது, எல்லாத்தையும் குட்டையில கொட்டு, நிக்கிற சுவருல ஒட்டியிருக்கிறதையும் கொத்தி எடு என்றாள். பதினொரு கூடை சுமந்தேன். சில துண்டுகளில் ரத்தம் இருந்தது. நிற்கிற சுவரில் கொத்திய தடத்தை அம்மா தன் கையாலேயே களிமண் தேய்த்து மறைத்தாள், இப்போது அப்பா வந்து பார்த்தால் சோம்பேறி மருமகள் பூசாமல் விட்டு விழுந்த மண்சுவர்தான்.

இப்போது அம்மா முக்கியமானதைச் சொல்கிறாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இவள இவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிரலாம்னு நீ உன் கைப்பட ஒரு வரி எழுதிரு, உங்க அப்பாகிட்டக் காட்டணும், இல்லேன்னா அந்த மனுசன் ஒத்துக்கமாட்டாரு. பிள்ளைய விடமாட்டேன், அது நம்ம வீட்டுப் பிள்ளை, ஒத்தக் கையால இவ எப்படி வளப்பா? இதை மதினி கேட்டுவிட்டாள். ஒரு தடவை மட்டும், மாமி, அவன் இன்னும் பால் குடிக்கிறான் என்றாள். எங்க வீட்ல எருமையா இல்ல என்றாள் அம்மா.

அண்ணா, அந்த வரியை எழுதாதீர்கள். எனக்கும் பதில் எழுதாதீர்கள், வாசிக்கச் சொன்னால் அம்மா முன்னால்தான் வாசிக்க வேண்டும். அப்பா பெயர் போட்டுப் பள்ளிவாசல் மௌலவிக்கு அனுப்புங்கள், மழை முடிந்து அப்பா வந்ததும் மௌலவி அவருக்கு வாசித்துக் காட்டுவார். சிமெண்ட் பூசச் சொன்னது யார் என்று எழுதுங்கள், கொத்தன் கேட்டபோது பேசாமல் நின்றது யார் என்றும் எழுதுங்கள். நூராவையும் கேட்கச் சொல்லுங்கள், அவன் கூலிக்கு வந்தவன், மறைக்கமாட்டான்.

இஸ்மாயில் வாசலுக்கு வந்துவிட்டான். வாசித்துக் காட்டு என்றாள் அம்மா. தாளைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னதை மட்டும், சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னமா எழுதுற, அஞ்சாவதோட உன்ன நிறுத்தாம இருந்திருந்தா டீச்சராகியிருப்ப என்று என் தலையைத் தடவினாள். உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் தரட்டும், வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மாவை மறக்காதே என்று கடைசியில் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா மரியம்பாய்

கைநாட்டுக்கு இடம் விட்டேன், தேநீர்ச் சட்டியின் அடியில் இருந்த கரியில் அம்மாவின் கட்டைவிரலைத் தேய்த்து இங்கே அழுத்தி வைத்தேன்.