சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின நொச்சி

என்ற கண்ணு யாழினிக்கு அம்மா எழுதறது. சென்னிமலையான் துணையில நானும் உங்கப்பாவும் இங்க எந்திரிச்சு நடமாடிட்டுத்தான் இருக்கறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிர்ல சளி இருமல் இல்லாம இருக்கறீங்கன்னு நம்பிக்கிட்டு இதைய எழுதறேன். உங்கப்பாவுக்கு முட்டி வலி பரவால்ல, டாக்டர் சொன்ன பெல்ட்டைக் கட்டச் சொன்னா மட்டும் தெனமும் ஒரு சண்டை. போன ஞாயித்துக்கெழம நீ போன்ல சொன்னது இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. எதுக்கும்மா வம்பு, ஒரு கையெழுத்துதான, போட்டுக் குடுத்துரு, டிக்கெட் எடுத்து அனுப்பறேன், ஆறு மாசம் இங்க வந்து இருன்னு சொல்லிப்போட்டு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மீட்டிங் இருக்குதுன்னு வச்சுட்ட. அதனாலதான் கடுதாசி, இதுல நீ குறுக்க பேச முடியாதல்ல. தாளுக்குப் பின்னால என்னமோ அச்சடிச்சிருக்குதேன்னு இப்பவே திருப்பிப் பாக்காத, முச்சூடும் படிச்சு முடி.

நீ கலியாணமாகிப் போனப்ப நம்ம காலனி பார்க் எப்படிக் கெடந்துச்சுன்னு உனக்கே தெரியும். பேருதான் பார்க், அத்தனை கம்பெனி பனியன் வேஸ்ட்டையும் அங்கதான் கொட்டுவாங்க, மேல பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் காடாட்ட மூடிக் கெடந்துச்சு. நான் ரிட்டயர் ஆன பொறவு நானும் அனுசுயாவும், அதாம் பனியன் கம்பெனில என்ற கூட ஒரே டேபிள்ல செக்கிங் பாத்தாளே அவதான், ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம போய் மம்பட்டியப் போட்டோம். போட்டா மண்ணு வரல, துணிதான் வந்துச்சு. முழங்கால் ஆழத்துக்கு ரிப்பும் காலரும், மக்கவே இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு கண்ணு, அந்தத் துணிய எடுத்துப்போட்டு மண்ணக் கண்ணுல பாக்கறதுக்கு. அப்புறந்தான் ஆவாரை, நொச்சி, விராலி, சூரை எல்லாம் வச்சோம், ஓரத்துல நம்ம பக்கத்துக் கிளுவை வேலி போட்டோம். எல்லாம் இந்த மண்ணுல தானா மொளைக்கிற சாதி, ஒரு மழைக்கே சமாளிச்சுக்கும். பெருமாநல்லூர் போற வழில ஒரு காட்டு வேலியில இருந்து ஆடுதின்னாப்பாளைக் கொடி ஒண்ணு எடுத்துட்டு வந்து வச்சேன், மறு வருசமே கறுப்பும் சிவப்புமா ஒரு பட்டாம்பூச்சி அதைத் தேடி வந்து முட்டை போட்டுச்சு. அந்தப் பூச்சி அந்தக் கொடியத் தவுத்து வேறெதுலயும் முட்டை போடாதாம். சுத்தியும் நிட்டிங் மெஷின் சத்தம், எங்க இருந்துதான் கண்டுபிடிச்சு வந்துச்சோ, நான் நின்னு அழுதுட்டேன், அனுசுயா என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தா. இப்ப செம்பூத்து ஒரு ஜோடி இருக்குது, கீரி இருக்குது, வேலில தலையாட்டற ஒடக்கானுக்கு எண்ணிக்கையே இல்ல.

இதுக்குத்தான் வந்துச்சு வெனை. காலனி சங்கத்துக்கு இப்பத் தலைவரு யாருன்னா நம்ம மகுடேஸ்வரன் மொதலாளி. இருபத்தாறு வருசம் அவர் கம்பெனிலதான் நான் செக்கிங் பாத்தேன், உன்ற படிப்புக்கு முன்பணம் குடுத்தவரு, நான் இல்லைங்கல. கெட்ட மனுசனும் கெடையாது. ஆனா பார்க்குனா நீட்டா இருக்கோணும்ங்கறார், புல்லுத்தரை, பவுண்டனு, பைபர் மான் பொம்மை ரெண்டு, இது காடாட்ட இருக்குது பாம்பு வருதுங்கறார். ஏனுங்க மொதலாளி, கீரியிருக்குது, பாம்ப அது பாத்துக்குமுங்கன்னு சொன்னேன். கடைசீல மீட்டிங்ல பேசி ஒரு வழிக்கு வந்தோம். ஒத்தப் பவுண்டனுக்கு எடத்தை விட்டுடறது, மத்தபடி எந்தெந்தச் செடி இருக்கோணும்னு நான் அடையாளம் போட்டுக் குடுக்கறது, மிச்சத்தை லீவு நாள்ல கம்பெனி ஹெல்பருங்களை விட்டுச் சுத்தம் பண்ணிடறதுன்னு. எனக்கும் சந்தோசந்தான், பார்த்தீனியம் தொலைஞ்சாச் சரின்னு.

இப்ப நான் பண்ணுன கூத்தைக் கேளு. ஊட்டுல பீரோவுக்குள்ள ரிட்டயர் ஆனப்பக் கொண்டுவந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு ரோல் கெடந்துச்சு. உனக்குத் தெரியாததா, பனியன்ல ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எங்க இருக்குதோ அங்க அம்பை ஒட்டித் தள்ளி வைப்போம், நீ சின்னதுல உன்ற நோட்டுப் பூரா ஒட்டி வச்சிருப்ப. அடையாளம்னதும் என்ற கை நேரா அந்த ரோலுக்குத்தான் போச்சு. ஒரு நாள் பூராக் குனிஞ்சு குனிஞ்சு நூத்தி நாப்பது செடிக்கு ஒட்டுனேன், உங்கப்பா கூடவே தண்ணி பாட்டலைத் தூக்கிட்டு வந்தாரு. மறுநாள் காலைல எட்டரைக்குப் போறேன், ஹெல்பருங்க ஆறு மணிக்கே வந்து வேலையை முடிச்சுட்டாங்க. சந்தனம்னு விருதுநகர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, அவதான் அந்தக் கூட்டத்துக்கு மூப்பு, வேர்வையத் தொடச்சுக்கிட்டே ஓடி வந்து, அக்கா ஸ்டிக்கர் ஒட்டுனதுல ஒண்ணு விடாம எடுத்துட்டோம், நல்லது எதுலயும் கை வைக்கலன்னு அத்தனை பெருமையாச் சொல்றா. அந்தப் பக்கம் பாத்தா நொச்சியும் ஆவாரையும் வேரோட குவிஞ்சு கெடக்குது, பார்த்தீனியம் அப்படியே பூவோட நின்னு ஆடிட்டு இருக்குது! அவளை நான் என்ன சொல்ல. திருப்பூர்ல சிவப்பு அம்புன்னா ரிஜெக்ட், பொறந்த குழந்தைக்கும் தெரியும். வேலைக்கு விட்டவங்களும் அவளுக்கு வெவரம் சொல்லல, நானும் போய்ச் சொல்லல. இருபத்தாறு வருசம் ஒட்டுன கை, தப்பு அந்தக் கையிது. நடுப் பார்க்குல உக்காந்து அழுதேன் கண்ணு, உன்ற பிரசவத்துல குழந்தை தங்கலைன்னு போன் வந்த அன்னிக்கு அழுததுக்கப்புறம் அப்படி அழுதது அன்னிக்குத்தான்.

அதோட விட்டிருந்தாக் கூட நான் என்ற தலையெழுத்துன்னு இருந்திருப்பேன். நாலாம் நாள் மொதலாளி கூப்பிட்டு விட்டாரு. போனா ஒரே பேப்பரு மூணு காப்பி, கார்ப்பரேசனுக்கு ஒண்ணு, சங்கத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மேற்படி செடிகள் என் முழுச் சம்மதத்துடன் அகற்றப்பட்டன, இனிமேல் பூங்கா விசயத்தில் தலையிட மாட்டேன்னு அச்சடிச்சு, அடியில என்ற பேரு, கோடு. நீதான ஸ்டிக்கர் ஒட்டுன சித்ரா, அப்ப சம்மதந்தானன்னு சிரிக்கறாரு. அவர் முன்னால நான் ஒரு நாளும் சேர்ல உக்காந்தவ இல்ல. அன்னிக்கு இழுத்துப் போட்டு உக்காந்தேன். ஏனுங்க மொதலாளி, ஒருக்கா சைஸ் மாறிப்போன பெட்டிக்குப் பாஸ் போடச் சொல்லி மேனேஜர் நின்னாரே, நான் கையெழுத்துப் போட்டனானுங்க, ஷிப்மெண்ட்டே ஒரு நாள் நின்னுச்சுங்களே, நீங்கதான என்னையத் தட்டிக்குடுத்தீங்கன்னு கேட்டேன். படிச்சுப் பாத்துச் சொல்றனுங்கன்னு மூணு காப்பியயும் மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன், வர்ற புதங்கெழம வரைக்கும் ஒரு மாசம் டைம் குடுத்திருக்கறாரு. என்ற தப்பை நான் மறைக்கல. பார்க் போர்டுலயே சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கறேன், ஸ்டிக்கர் ஒட்டுனது சித்ராதேவி தப்பு, செடி மேல தப்பு இல்லன்னு. ஆனாச் சம்மதம்னு ஒரு பொய்ய எழுதி அதுக்கடியில என்ற பேரைப் போடமாட்டேன்.

இன்னொண்ணும் கேளு. புடுங்கிப் போட்ட குவியல்ல நொச்சிக் குச்சியும் கிளுவைக் குச்சியும் இன்னும் பச்சையாத்தான இருந்துச்சு, நானும் அனுசுயாவும் அன்னிக்குப் பொழுதோடயே சாணுக்குச் சாணு வெட்டி, பார்க்குல தோண்டுன அதே பனியன் துணிய நனைச்சுச் சுத்தி மொட்டை மாடில வச்சுட்டோம். விசயம் தெரிஞ்சு சந்தனம் ஊட்டுக்கே வந்துட்டா, வாசல்ல நின்னு தேம்பறா. அழுதாச் செடி மொளைக்காது, மம்பட்டி எடுன்னு சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கெழம பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்தா, பாதிப்பேருக்கு இந்திதான் தெரியும், சிவப்பு அம்பைக் காமிச்சாப் போதும், பாஷையே வேண்டியதில்ல. இந்தத் தடவை ஸ்டிக்கரைச் சரியா ஒட்டுனேன், பார்த்தீனியத்துக்கும் உண்ணிச்செடிக்கும். மத்தியானத்துக்குள்ள மொத்தமும் காலி, அந்த எடத்துலயே மாடில வச்ச குச்சிகளைக் கொண்டாந்து நட்டுட்டோம். ஸ்டிக்கர் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, பேச்சை மீறி மொதலாளி அதுக்குள்ள கொண்டாந்து எறக்கியிருந்த மான் பொம்மையோட மூக்குல ஒட்டிட்டேன், உங்கப்பாகிட்டச் சொல்லிராத. ஐப்பசி மழை ரெண்டு நல்லாப் புடிச்சதுல நட்ட குச்சிக அத்தனையும் துளிர் விட்டிருச்சு. ஆடுதின்னாப்பாளைக் கொடியயும் புடுங்கிட்டாங்களேன்னுதான் வெசனமா இருந்துச்சு, நேத்துப் பாத்தா அடிவேர் ஒண்ணு தப்பிச்சு ரெண்டு எலை விட்டிருக்குது. பட்டாம்பூச்சி இன்னும் வரல. அது வர்றப்பக் கொடி அங்க இருக்கோணும், அவ்வளவுதான் என்ற கணக்கு. நீ கூப்பிட்டதுக்குச் சந்தோசம் கண்ணு, ஆனா இப்ப டிக்கெட் எடுக்காத, கொடி வேலி ஏறட்டும், நானே சொல்றேன்.

நீ வெறும் வயித்துல காப்பி குடிச்சுட்டு வேலைக்கு ஓடாத, மாப்பிள்ளைகிட்ட நான் கேட்டதாச் சொல்லு, தலைக்கு எண்ணெய் வெய்யி. போன குழந்தையவே நெனச்சு உள்ளுக்குள்ள மறுகிட்டு இருக்காத, உன்ற அம்மா குச்சிய நட்டுத் துளிர் பாத்தவ, உனக்கும் ஒரு நாள் நல்லது நடக்கும்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்குது. முருகன் உங்க ரெண்டு பேரையும் நல்லா வெச்சிருக்கோணும்.

சரி, இப்பத் திருப்பிப் பாரு கண்ணு. அவங்க குடுத்த மூணு காப்பியும் உன்ற கையிலதான் இருக்குது. நல்ல தடிப் பேப்பரு, இந்தப் பக்கம் எழுதுனா மசி அந்தப் பக்கம் ஊறவே இல்ல. கையெழுத்து வேணும்னாங்க, இதா கீழ போட்டிருக்கறேன், அவங்க கோடு போட்ட பக்கத்துல இல்ல. புதங்கெழம கேட்டா அயர்லாந்து போயிருச்சுங்க மொதலாளின்னு சொல்லுவேன். இன்னொரு மூணு காப்பி அச்சடிப்பாங்க, அடிக்கட்டும். அதுக்கும் முதுகுப்பக்கம் வெள்ளையாத்தான இருக்கும்.

உன்ற அம்மா,
சி. சித்ராதேவி