அப்பாவின் வேலையைக் கேட்டால் என்ன சொல்வது

என் பாசமுள்ள அப்பா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பகலில் உங்கள் பேத்தி பேனாவைப் பிடிக்க விடமாட்டாள். அவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. நெற்றி அப்படியே நீங்கள்தான். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து வருடம் கழித்து இப்போது எழுதவைத்தது அம்மாவின் விலா வலி.

இரண்டு மாதமாக வலி, கூடவே மூச்சிரைப்பு. ராஜபாளையத்தில் பார்த்துவிட்டு, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, டி.பி.யாக இருக்கும் என்றார்கள். உங்களுக்கும் இதையேதானே சொன்னார்கள்? ஏழு மாதம் மாத்திரை விழுங்கினீர்கள். சளியில் ஒரு தடவையாவது கிருமி தெரிந்ததா? பீடியைத் தொடாத உங்களை, ஒளிந்து குடித்திருப்பார் என்று சித்தப்பாகூடச் சொன்னாரே.

அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னோடு கூட்டிவந்து, இங்கிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் மருத்துவர்.

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"மில்லுல."

"பஞ்சு வேலையா?"

அம்மா தலையை ஆட்டப் போனாள். நானும் ஆட்டியிருப்பேன். நம்மூரில் யார் கேட்டாலும் அதுதானே பதில்? பஞ்சுப் பொதியை உடைக்கிறவரும் மில்லில், கேட்டில் நிற்கிறவரும் மில்லில். உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'மில் தொழிலாளி, பஞ்சுத் தூசி' என்று எழுதினார்கள். எழுதச் சொன்னது வேறு யார், நாங்கள்தான்.

அவர் விடவில்லை. "மில்லுல எந்த எடத்துல? துணியெல்லாம் யாரு துவைப்பா?"

"நாந்தேன் துவைப்பேன். அவிய பாய்லர்ல ஃபிட்டரு. வெள்ளைப் பொடியைக் கொழச்சு ஸ்டீம் பைப்புக்குப் பூசுவாக. சட்டையெல்லாம் மாவா அப்பியிருக்கும். நல்லா ஒதறிட்டுத்தேன் நனைப்பேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார், அப்பா. அந்தப் பொடி ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அதன் நார் மூச்சோடு உள்ளே போய்த் தங்கிவிடுமாம். இருபது, முப்பது, நாற்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்து, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் புற்றுநோயாக வரலாமாம். மீசோதீலியோமா என்று பெயர். தொட்டவர்கள் எல்லோருக்கும் வராது, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஆனால் துணி துவைத்தவர்களுக்கும் வந்திருக்கிறதாம். நீரை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, உறையில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். "அது என்ன பொடின்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றார்.

மில்லுக்குப் போனேன். "அது சுண்ணாம்பு மண்ணும்மா" என்றார் ஆபீஸில் இருந்தவர். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று இரண்டு தடவை கேட்டார். சுண்ணாம்பு மண்ணுக்கு எதற்கு அந்த விவரம்? உங்கள் பதினாறாம் நாளன்று பழப்பையோடு வந்து, கணக்கு முடிக்கிற பேப்பருக்கு வேண்டும் என்று எக்ஸ்ரே படங்களை வாங்கிப்போனாரே, அவர்தான். படங்கள் எங்கே என்றேன். "இத்தனை வருசத்துல எலி கடிச்சிருக்கும்" என்றார். மறதியாகவும் இருக்கலாம். வரவர நான்தான் எல்லோரையும் சந்தேகப்படுகிறேனோ?

உங்களோடு பொடி குழைத்த மைதீன் மாமாவைத் தேடிப் போனேன். அவர் மகன் இப்போது அதே மில்லில் இருக்கிறான். வாசலை அடைத்து நின்றுகொண்டு, "வாப்பாவுக்கு ஞாபகம் கம்மிக்கா" என்றான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏலே, கட்டுன லுங்கியவே தேடுறவன் நீ. எனக்கா ஞாபகம் கம்மி? போய் டீ வாங்கிட்டு வா."

அவன் தெருவில் இறங்கியதும் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, ஊரெல்லாம் கேட்டுட்டு வாரியே, அதைப் படிச்சுச் சொன்னதே நீதானட்டி?"

"நானா? எப்ப மாமா?" என்றேன்.

"நீ எட்டாப்பு படிக்கையில ஒங்கப்பா அந்தப் பொடி வந்த காலிச் சாக்கை வீட்டுக்குக் கொண்டாந்தாக. மறுநா வந்து, 'எம் மக படிச்சுட்டா, இது கல்நாராம், தீயே பிடிக்காதாம்'னு அம்புட்டுப் பெருமை. அதுக்கப்பறம் எங்களுக்கென்ன பயம்? வெறுங்கையாலதேன் கொழச்சோம்."

குத்திக்காட்டவில்லை, அப்பா. சிரித்தபடியேதான் சொன்னார்.

ஆமாம், நான்தான். சாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்றிருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அறிவியல் புத்தகத்தில் அதற்குக் கல்நார் என்று பெயர், தீப்பிடிக்காது என்றிருந்ததைச் சொன்னேன். நெஞ்சுக்கு ஆகாது என்று அதில் ஒரு வரி இல்லை. சாக்கை அச்சடித்தவர்களுக்குத் தெரியுமா? மில்லில் அதை வாங்கச் சொன்னவர்களுக்கு? தெரிந்திருந்தால் எப்போதிருந்து?

மதுரைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கணவர் இருபது வருடத்துக்கு மேல் பாய்லரில் ஆஸ்பெஸ்டாஸ் குழைத்தவர், துணி துவைத்தது இவர் என்று மருத்துவர் எழுதியதை வாங்கி இரண்டு தடவை படித்தேன்.

சோதனைக்கு அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவிய சட்டையத் துவைச்சதுக்கா எனக்கு நோவு வரும்? நீ வேற" என்று கோபப்பட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. நேற்றுத்தான், "பிள்ளைய யாரு பாப்பா, நான் ஆஸ்பத்திரில கெடந்தா?" என்றாள். அதுதான் அவள் சம்மதம். அடுத்த வாரம் போகிறோம். டி.பி.யாகவே இருந்தாலும் இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்ததும் அந்தச் சட்டையோடு உங்களைக் கட்டிக்கொண்டவள் நான். அதைப் பற்றி இன்னும் மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்பேன்.

அம்மாவை ஊகத்தை நம்பி மாத்திரை விழுங்கவிட மாட்டேன் அப்பா. வருவது எதுவானாலும் அவளிடம் மறைக்க மாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

மில் தொழிலாளிகள் படிக்கிற பத்திரிகைக்கு இதை அனுப்பப் போகிறேன். உங்களோடு பாய்லரில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்டர் கேட்டால் மில் என்பதோடு நிறுத்தாதீர்கள், கையால் தொட்டதைச் சொல்லுங்கள். அந்தப் பொடி எந்த வருடம் வரை மில்லுக்கு வந்தது, இப்போதும் வருகிறதா என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மூத்த மகள்