சத்தம் குறைந்த அந்த வெடி

என்ரை அல்போன்ஸ் அத்தானுக்கு,

வருகிற கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். கோயில் ஆட்கள் நாலைந்து பேர் கவிதை தந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் நீங்கள் விண்மீன் ஆகிவிட்டீர்கள். "நீயும் ஒரு பக்கம் எழுதன்" என்றா அக்கா. எனக்குக் கவிதை வராது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த இயந்திரப் படிப்பும், இங்கே பலெர்மோவில் கபோ சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் திருத்துகிற வேலையும்தான் தெரியும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம், உங்களுக்கில்லை, வாசிக்கிறவர்களுக்கு. மன்னாரில் இருக்கும் அத்தானின் அம்மாவுக்கு, மகன் நெஞ்சுவலியில் போனார் என்றுதான் சொல்லியிருக்கிறோம். துவக்குக்குப் பயந்து பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பின மனுசி அவ. மகனைத் துவக்குத்தான் கொண்டு போனது என்று எந்த வாயால் சொல்வது? ஊருக்கு அனுப்புகிற பிரதிகளில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவோம். நீங்களும் தொலைபேசியில் வாய் தவறி விட்டுவிடாதேயுங்கோ.

அத்தான், நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் நடந்தது என்று தெரியாமலே போய்விட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் வேலை செய்த வீட்டு முதலாளி, அந்தச் சிஞ்ஞோர், காட்டுப்பன்றி வேட்டைக்கு மலைக்குப் போகும்போதெல்லாம் பையையும் கோப்பிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு நீங்களும் போவீர்கள். அன்றைக்கு அவர் வைத்த வெடி சரியாகக் கேட்கவில்லை. போத்தல் மூடி கழன்ற மாதிரி ஒரு சின்னச் சத்தம். துவக்கில் ஏதோ பழுது என்று உங்கள் கையில் தந்தார். நீங்கள் துவக்கின் பின்பக்கப் பூட்டை இழுத்தீர்கள். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோது ஒழுங்காக வெளியே விழுந்தது. அடுத்த தோட்டா உள்ளே போனது. எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்துச் சுட்டீர்கள். குழல் வெடித்தது.

உள்ளே நடந்தது இதுதான். முதல் தோட்டாவில் வெடிமருந்து போதுமானதாக இல்லை. பின்னால் இருக்கிற கேப் வெடித்து, இருந்த கொஞ்ச மருந்தும் எரிந்து, முனையில் இருந்த சன்னத்தை, அந்த ஈயக்குண்டை, குழலின் பாதி வழிவரை தள்ளிவிட்டு நின்றுவிட்டது. வெளியே வந்த கோது வெறுமையாக இருந்ததால் எல்லாம் சரி என்று தோன்றும். யாருக்கும் தோன்றும். அடைபட்ட குழலுக்குள் அடுத்த வெடி போனால் காற்றுக்குப் போக இடமில்லை. இரும்பு கிழியும்.

பாதர் பிரசங்கத்தில் ஆண்டவர் அழைத்துவிட்டார் என்றார். ஆண்டவர் அழைக்கவில்லை, மருந்து குறைந்தது. பொலிஸ், குழலில் அடைப்பு இருந்தது, சேறாக இருக்கலாம், சுட்டவனுக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. எங்கள் ஆட்கள் அக்காவிடம் வந்து, பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற நேரம், கதையாமல் இரு என்றார்கள். அக்காவும் கதைக்கவில்லை. நானும் கனகாலம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் இடத்துக்கு இப்போது சூசையண்ணை. தெரியும்தானே, பேசாலைச் சூசை, உங்களோடு சீட்டு விளையாடுகிறவர். போன வியாழக்கிழமை அவருடைய அரைநாள் லீவில் பல்லரோ சந்தையில் கண்டேன். மத்தி மீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூசையண்ணை, அத்தான் போன அண்டைக்கு வேட்டைக்கு வாங்கின தோட்டாவிலை மிச்சம் ஏதும் கிடக்கோ?"

"ஓம். ரெண்டு பெட்டி ஒண்டாய் வாங்கினது. திறந்ததைப் பொலிஸ் கொண்டு போட்டுது. மற்றது அலுமாரிக்கை கிடக்கு. வேட்டை துடங்கப் போகுது, சிஞ்ஞோர் புதுத் துவக்கும் எடுத்திட்டார்."

"அந்தத் தோட்டாவையோ போடப்போறார்?"

"பின்னை? பெட்டி உடைக்காத புதுச் சாமான். குப்பையிலையோ கொட்டுறது?"

"சரி. அவர் சுட்டுச் சரிவரேல்லை. உங்கடை கையிலை தந்து, என்னெண்டு பார் எண்டால்?"

"பாப்பன்."

"எப்பிடிப் பாப்பியள்?"

"இதென்ன விசர்க்கேள்வி! ஒருக்கால் அடிச்சுத்தான் பாக்கிறது."

அத்தான், மீன்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்கிறான், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் குரலைத்தான் கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"களவெடுக்கச் சொல்லுறியோ தம்பி? உனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கு. எனக்கு அந்த வீட்டு வேலைதான். அல்போன்சுக்கு விதி அவ்வளவு. விடு" என்று மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விதியாம். பெட்டியில் இன்னும் எத்தனை விதி கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன். கறுத்தச் சட்டையை எடுத்து இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினா. "நான் வாறன். நீ அங்கை வாய் காட்டக்கூடாது" என்றா.

சிஞ்ஞோரே வந்து கதவைத் திறந்தார். மெலிந்துவிட்டார். அக்கா இத்தாலியனில் ஒரே ஒரு வசனம் சொன்னா: "மற்றத் தோட்டாப் பெட்டியைச் சோதிக்க வேண்டும்." அழவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தோட்டாவை எங்கள் கையில் தரச் சட்டம் இடம் தராது என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு தானே எங்களுடன் வந்தார். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் துவக்குத் திருத்துகிற கடை ஒன்று. மூன்று பேரும் நடந்தே போனோம்.

கடைக்காரர் ஒவ்வொரு தோட்டாவாகச் சன்னத்தை இழுத்துக் கழற்றி, மருந்தை வெள்ளைத் தட்டுகளில் கொட்டினார். முதல் தட்டில் ஒரு குவியல். அடுத்ததில் அதே அளவு. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் நினைத்தது பிழையோ? பெட்டி பாதி முடிந்த பிறகு ஒன்றைக் கவிழ்த்தார். தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் தங்குகிற தூள் அளவுக்குத்தான் விழுந்தது. கோதைத் தட்டினார். வேறொன்றும் இல்லை.

"தொழிற்சாலையில் யந்திரம் நிரப்புகிறது. எப்போதாவது தவறும்" என்றார். "அப்படி ஒரு சத்தம் கேட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டைக் கழற்றி, பின்பக்கத்தால் குழலுக்குள் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால் கம்பி விட்டுத் தட்டி எடுக்க நான் இருக்கிறேன். சத்தமே வரவில்லை என்றால் அது வேறு. குழல் வாயை மண்மேட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். பிந்தியும் வெடிக்கும். எதுவானாலும் அந்தப் பெட்டியில் மிச்சத்தைத் தொடக்கூடாது."

அவ்வளவுதான் அத்தான். குழலுக்குள் ஒரு பார்வை.

சிஞ்ஞோர் அந்தத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நான் அவனைச் சுடச் சொல்லவில்லை, சிஞ்ஞோரா. பார் என்று மட்டும்தான் கொடுத்தேன். 'பொறுங்கோ, ஒருக்கால் பாத்துத் தாறன்' என்றான். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை."

பொய் சொல்கிறார் என்று பாய்ந்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்தா. "அவர் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னா. "எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அந்த வீட்டுக் கிழவிக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்த்தீர்கள். அவவுடைய சூப்பை முதலில் நீங்கள் குடித்தீர்கள். ஆடுகிற கதிரையைத் திருத்தினால் முதலில் நீங்கள் இருந்து பார்த்தீர்கள். வீட்டு வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் ஊறிவிட்டது. குறை சொல்ல இடம் வைக்காமல், தங்கள் உடம்பிலே பரீட்சித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். கெட்டிக்காரன், நம்பிக்கையானவன் என்று அதற்குப் பெயர். துவக்கையும் அப்படியே திருப்பிக் கொடுக்கப் பார்த்தீர்கள். ஏன் அத்தான், பழுது என்று சும்மா கொடுத்தால் என்ன? அவர் உங்களைத் தின்றுவிடுவாரா?

வீட்டுக்கு வருகிற வழியில் வழக்குப் போடுவோம் என்றேன். "ஆரிலை?" என்றா அக்கா. அனுமதியில்லாமல் துவக்கைத் தொட்டவன் என்று உங்களைத்தான் முதலில் சொல்வார்கள்.  வழக்குப் பேச்சு அதோடு நின்றது. கடைக்காரர் அறிவித்த பிறகு தொழிற்சாலை மன்னிப்புக் கேட்டு அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் புதுப் பெட்டி அனுப்பப் போகிறதாம். உங்களுக்குப் பதிலாக யாரை அனுப்புமோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசையண்ணையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்கா விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்து, "இது துவக்கு. சின்னச் சத்தம் கேட்டிட்டுது. சிஞ்ஞோர் பார் எண்டு தாறார். என்ன சொல்லுவியள்?" என்றா.

"பிள்ளை, எனக்கு வெக்கமாய்க் கிடக்கு."

"சொல்லுங்கோ."

"நோ, சிஞ்ஞோர்."

"கேக்கேல்லை."

"நோ, சிஞ்ஞோர்! கடைக்குக் கொண்டு போங்கோ!"

அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா கதவைத் திறந்துவிட்டா. சூசையண்ணை விளக்குமாறும் கையுமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தா, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. சூசையண்ணை விளக்குமாற்றைச் சுவரில் மெதுவாகச் சாத்தி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கராஜில் பிரேக் திருத்தினால் முதலில் நானே ஏறி, சந்தைச் சரிவில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். முதலாளி அப்படிக் கேட்டதே இல்லை. இந்தக் கிழமை சாவியைக் கையில் எடுத்தபிறகுதான் யோசித்தேன், இது யாருடைய பழக்கம் என்று.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். எதையும் முதலில் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் ஏறுவேன். யாராவது அவசரப்படுத்தினால், நில் என்பேன். சூசையண்ணையிடமும் ஒவ்வொரு வியாழனும் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவருக்குப் புளித்துப் போகும்வரை. அக்காவை நான் பார்த்துக்கொள்வேன்.

உங்கடை பொறுமையில்லாத மச்சான்,
றெஜி
பலெர்மோ